11 இலட்சத்துக்கு மேல் வைப்பு இருக்கிறது, வங்கி விழுந்தால் என்ன ஆகும்?

கோண்டாவில்_வாசி எழுதியது:

வணக்கம். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். துண்டுக் காணி ஒன்று விற்ற காசும் அவருடைய பணிக்கொடையில் மிஞ்சியதும் சேர்ந்து ஒரே தனியார் வங்கியில் நிலையான வைப்பாகக் கிடக்கிறது. தொகையை இங்கே சொல்லப் போவதில்லை, ஆனால் வங்கி விழுந்தால் ஆளுக்கு 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி உண்டு என்கிறார்களே, அதைவிடக் கனக்க. அடுத்த மாதம் முதிர்கிறது. திரும்ப அங்கேயே போடுவதா, பிரித்துப் போடுவதா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம்.

இதை இப்போது கிளறிவிட்டவர் கனடாவில் இருக்கும் அத்தான். சைப்ரசில் செய்தது போல ஒருநாள் விடியும்போது பாதியை வெட்டியிருப்பார்கள் என்று வட்ஸ்அப்பில் குரல் செய்தி மேல் குரல் செய்தி. அதைக் கேட்டதிலிருந்து அப்பா 2023 ஜூன் கடைசியை நினைத்துக்கொண்டு திரிகிறார். ஞாபகம் இருக்கும்தானே, ஹஜ் பெருநாள், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கென்று (அரசாங்கம் உள்நாட்டில் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றுவது) திடீரென்று அறிவித்த வங்கி விடுமுறை, சனி, ஞாயிறு, போயா என்று ஐந்து நாள் வங்கிகள் பூட்டு. அதற்கு முதல் நாள் பின்னேரம் ஆஸ்பத்திரி வீதி ஏ.டி.எம். ஒன்றின் வாசலில் அப்பாவும் வரிசையில் நின்றவர். வைப்பில் கை வைக்கமாட்டோம் என்று அரசாங்கம் சொன்னது, கை வைக்கவும் இல்லை, ஆனால் அந்தப் பயம் போகவில்லை.

எனக்கு இரண்டு விடயம் விளங்க வேண்டும். ஒரு வங்கி உண்மையாகவே விழுந்தால் முதலில் என்ன, பிறகு என்ன என்று நடக்கும்? மற்றது, வங்கிகளைத் தாங்க 2024 வரவு செலவுத் திட்டத்தில் 450 பில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள், அதற்கு முந்திய வருடம்தான் ஊழியர் சேமலாப நிதியத்தில் கை வைத்தார்கள். ஏன் எப்போதும் வங்கியை மட்டும் காப்பாற்றுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அரசியல் சண்டை வேண்டாம்.


பழைய_காசாளர் பதில்:

தம்பி, வேலைக் காலம் முழுக்க வங்கியில்தான் போனது, முதலில் கவுண்டர், பிறகு கடன் பிரிவு. அத்தானின் குரல் செய்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு வங்கியின் கணக்கைப் பாருங்கள்.

ஒரு வங்கி 100 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறது என்று வைப்போம். அதில் ஏறக்குறைய 90 ரூபாய் உங்கள் அப்பா போன்றவர்களுடையது, 10 ரூபாய்தான் பங்குதாரர்களின் முதல் (மூலதனம்). கொடுத்த கடனில் 6 ரூபாய் வராமல் போனால் பங்குதாரருக்கு 4 ரூபாய் மிஞ்சும், வைப்பாளருக்கு ஒரு சேதமும் இல்லை. 12 ரூபாய் போனால் பங்குதாரர் முழுக்கப் போய், உங்கள் பக்கத்தில் 2 ரூபாய் அடி விழும். வங்கி மேற்பார்வை என்று பெரிய பெயரில் செய்வதெல்லாம் கடைசியில் அந்த 10 ரூபாய் உண்மையில் இருக்கிறதா, புத்தகத்தில் மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். 2008 நெருக்கடிக்குப் பிறகு வந்த பாசல் 3 என்ற சர்வதேச வங்கி விதிகள் இந்த மூலதனத்தைத்தான் கூட்டச் சொன்னவை. ஆபத்துக்கு ஏற்ப எடை போட்டுக் கணக்கிட்ட சொத்தில் 8 சதவீதம், அதற்கு மேலே 2.5 சதவீதம் தாங்கு முதல். நம் மத்திய வங்கி அதைவிடக் கொஞ்சம் கூடவே கேட்கிறது.

ஆனால் புத்தகத்தில் விளையாட இடம் உண்டு. திருப்பிக் கட்ட வழியில்லாத பெரிய வாடிக்கையாளருக்கு இன்னொரு கடனைக் கொடுப்பது, அந்தக் காசில் பழைய கடனின் வட்டியைக் கட்ட வைப்பது, பிறகு இரண்டுமே ஒழுங்காகப் போகிற கடன் என்று அறிக்கை அனுப்புவது. கடன் பிரிவில் இருந்தவர்களுக்கு இது தெரியும். விழுந்த வங்கிகளின் கதையை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த வேலைதான், அதுவும் பணிப்பாளர்களின் சொந்தக் கம்பனிகளுக்கே கடன் போயிருக்கும்.

நம் நாட்டிலேயே பார்த்தோமே. 2002 ஒக்டோபரில் பிரமுக சேமிப்பு அபிவிருத்தி வங்கியை மத்திய வங்கி நிறுத்தியபோது வைப்புக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம் என்ற ஒழுங்கு இல்லை. காசு போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அவர்களுடைய விவகாரத்தை இலங்கை சேமிப்பு வங்கி என்ற புதிய ஒன்றின் கையில் கொடுத்துத் தீர்க்க வருடங்கள் ஓடின. 2008 டிசம்பரில் நடந்தது வேறு விதம். செலிங்கோ குழுமத்தின் கோல்டன் கீ கடன் அட்டைக் கம்பனி கவிழ்ந்ததும் அதே குழுமத்துச் செலான் வங்கிக்குக் கூட்டம் ஓடியது. அந்த மாதம் முடியுமுன் மத்திய வங்கி தலையிட்டு, பணிப்பாளர் சபையை அகற்றி, நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் கொடுத்தது. வங்கி ஒருநாளும் பூட்டவில்லை. வைப்பாளர் ஒருவருக்கும் ஒரு சதம் போகவில்லை, இன்றைக்கும் அது நடக்கிறது. ஆனால் கோல்டன் கீயில் போட்டவர்கள் வருடக்கணக்காக நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள், ஏனென்றால் அதற்கு வைப்பு வாங்கும் உரிமமே இருக்கவில்லை.

கட்டாயக் காப்புறுதி 2010 ஒக்டோபரில் வந்தது. தொடக்கத்தில் 2 இலட்சம், படிப்படியாக 6 இலட்சம், 2021 இலிருந்து 11 இலட்சம். காசைக் கட்டுவது வங்கிகளும் நிதிக் கம்பனிகளும், உங்களிடம் தனியாக ஒன்றும் அறவிடுவதில்லை. பிறகு 2023 இல் 17 ஆம் இலக்க வங்கித்தொழில் விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்து, அந்த வருடம் நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. வங்கி தள்ளாடினால் மத்திய வங்கி நிர்வாகி ஒருவரை நியமிக்கலாம். வைப்புகளையும் நல்ல கடன்களையும் இன்னொரு வங்கிக்கு மாற்றலாம். உடனே வாங்க ஆள் இல்லாவிட்டால் இடைக்கால வங்கி ஒன்றை அமைத்து அதில் வைக்கலாம். இவை ஒன்றும் சரிவராவிட்டால்தான் உரிமத்தை இரத்துச் செய்து கலைப்பது. 11 இலட்சம் என்ற பேச்சு வருவது அந்தக் கடைசிப் படியில். மற்றப் படிகளில் உங்கள் கணக்கு அப்படியே வேறு பெயர்ப்பலகைக்குக் கீழே போகும், அவ்வளவுதான்.


மானிப்பாய்_கடைக்காரன் பதில்:

அண்ணை சட்டத்தைச் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் தம்பியின் இரண்டாவது கேள்வியை லேசாகத் தாண்டிப் போய்விட்டார்.

நான் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். 2022 இல் சீமெந்து விலை ஏறி, டொலர் இல்லாமல் சாமான் வராமல் கிடந்த நேரம் என் கடன் வட்டி இரண்டு மடங்குக்கு மேல் போனது. வங்கிக்காரர் (பெயர் வேண்டாம்) மாதா மாதம் கடிதம். அடுத்த கடிதத்தில் பராட்டே என்ற சொல் வந்தது. தெரியாதவர்களுக்கு, 1990 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வங்கி வழக்குப் போடாமலே, தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தை வைத்து ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்கலாம். நீதிபதியும் இல்லை, தவணையும் இல்லை. நாடெங்கும் வியாபாரிகள் கத்திய பிறகுதான் 2024 இல் அதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள்.

இப்போது மறுபக்கம். அரசாங்கம் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டேன் என்றது. அந்த அரசாங்கத்தின் டொலர் முறிகளை (கடன் பத்திரங்களை) வாங்கி வைத்திருந்தவர்களில் நம் வங்கிகளும் உண்டு. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு அரச வங்கிகள் அள்ளிக் கொடுத்த டொலர் கடனைத் திறைசேரி தன் தலையில் எடுத்துக்கொண்டது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகள் வைத்திருந்த ரூபாய்த் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. யாரைத் தொட்டார்கள்? ஊழியர் சேமலாப நிதியத்தை. பழைய முறியைக் கொடுத்து 2025 வரை 12 சதவீதமும் அதற்குப் பிறகு 9 சதவீதமும் தருகிற புதிய முறியை எடு, இல்லாவிட்டால் 14 சதவீத வரிக்குப் பதில் 30 சதவீதம் கட்டு என்றார்கள். இது கேட்பதா, கழுத்தைப் பிடிப்பதா? தையல் தொழிற்சாலையில் இருபது வருடம் குனிந்திருந்த பிள்ளையின் காசு அது. அவள் ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்று அந்தக் காசை எடுக்க முடியாது, அதனால்தான் அங்கே கை வைத்தார்கள். வைப்பாளர் ஓடலாம், ஊழியர் ஓட முடியாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது என் எண்ணம்.


திருநெல்வேலி_மாணவி பதில்:

கடைக்கார அண்ணை சொன்னதில் கடைசி வரி முழுக்கச் சரி, ஆனால் அதிலிருந்து வங்கிகளைக் கைவிட்டிருக்கலாம் என்று முடிவெடுக்க முடியாது. வங்கிகளின் ரூபாய் முறிகளையும் சேர்த்து வெட்டியிருந்தால் காசாளர் ஐயா சொன்ன அந்த 10 ரூபாய் பல வங்கிகளில் கரைந்திருக்கும். பிறகு அதை நிரப்ப அரசாங்கமே காசு கொடுக்க வேண்டும். வெட்டி மிச்சம் பிடித்ததை அப்படியே திருப்பிக் கொடுப்பது போலாகிவிடும். 2023 இல் மத்திய வங்கி சொன்ன நியாயமும் ஏறக்குறைய இதுதான்: டொலர் முறிகளில் நட்டம், வராக் கடன், ஏற்கனவே கூடிய வரி.

என் குறை வேறு இடத்தில். அந்த 450 பில்லியனைப் பற்றிப் பேசும்போது ‘வங்கியைக் காப்பாற்றுவது’, ‘வங்கியின் உரிமையாளரைக் காப்பாற்றுவது’ என்ற இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். கரூரில் 1926 இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி நம் ஊர்க்காரர் பலருக்கும் கேள்விப்பட்ட பெயர். 2020 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியின் கோரிக்கைப்படி இந்திய அரசாங்கம் அதை முடக்கி, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அதே மாத இறுதிக்குள் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைத்துவிட்டார்கள். வைப்பாளருக்கு முழுக் காசும் கிடைத்தது. பங்குதாரருக்குப் பூச்சியம், பங்கு முழுக்க எழுதித் தள்ளப்பட்டது. வங்கி தப்பியது, உரிமையாளர் தப்பவில்லை. சரியான முறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

நம் 450 பில்லியன் விடயத்தில் அப்படி ஒரு தெளிவான பேச்சு பொதுவெளியில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. இலங்கை வங்கி, மக்கள் வங்கி என்றால் உரிமையாளர் அரசாங்கமே, அதனால் அங்கே யாரைத் தண்டிப்பது என்ற கேள்வி விசித்திரமாகிவிடுகிறது. கூட்டுத்தாபனத்துக்குக் கடன் கொடு என்று அமைச்சிலிருந்து சொன்னவர் ஒருவர், நட்டத்தை ஏற்பது வரி கட்டுகிறவர்கள்.


ஹரோ_தமிழன் பதில்:

லண்டனிலிருந்து. சொந்த ஊர் இணுவில். அத்தான் சொன்ன சைப்ரஸ் கதை அரைகுறையாக ஊரெல்லாம் ஓடுகிறது, அதனால் அதை முழுதாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

2013 மார்ச்சில் சைப்ரசுக்குக் கடன் கொடுக்க ஐரோப்பியர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். முதல் திட்டத்தில் எல்லா வைப்பிலும் வெட்டு: ஒரு இலட்சம் யூரோவுக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு 6.75 சதவீதம், அதற்கு மேல் வைத்திருப்பவருக்கு 9.9 சதவீதம். காப்புறுதி உள்ள காசிலும் கை வைக்கப் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சனம் கொதித்தது, பாராளுமன்றம் அதைத் தோற்கடித்தது. இரண்டாவது திட்டத்தில் ஒரு இலட்சம் யூரோ வரை தொடவில்லை. லைக்கி வங்கியை இரண்டாகப் பிரித்து, காப்புறுதிக்குட்பட்ட வைப்புகளை சைப்ரஸ் வங்கிக்கு மாற்றினார்கள். சைப்ரஸ் வங்கியிலேயே ஒரு இலட்சத்துக்கு மேலே இருந்த பகுதியில் 47.5 சதவீதம் அந்த வங்கியின் பங்காக மாறியது. ஏறக்குறைய இரண்டு கிழமை வங்கிகள் பூட்டு, திறந்த பிறகும் ஒருநாளைக்கு 300 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. ஆக, பாதி வெட்டினார்கள் என்பது உண்மை, ஆனால் எல்லோரிடமும் இல்லை, எல்லை தாண்டிய பகுதியில் மட்டும்.

அது ஏன் அப்படிப் போனது என்பதற்கு 2008 க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியை விழவிட்டார்கள், உலகமே ஆடியது. பத்து நாள் கழித்து வொஷிங்டன் மியூச்சுவல் விழுந்தது, அந்த நாட்டு வரலாற்றில் விழுந்த வங்கிகளில் மிகப் பெரியது, 300 பில்லியன் டொலருக்கு மேல் சொத்து. அதைப் பற்றி இங்கே யாருக்காவது தெரியுமா? தெரியாது. ஏனென்றால் எஃப்.டி.ஐ.சி. என்கிற வைப்புக் காப்புறுதி நிறுவனம் பின்னேரம் அதைக் கையில் எடுத்து அன்றிரவே ஜே.பி.மோர்கன் சேசுக்கு 1.9 பில்லியனுக்கு விற்றுவிட்டது. அடுத்த நாள் காலையில் அதே கிளை, அதே ஊழியர், வைப்பாளருக்கு ஒரு சதம் போகவில்லை. பங்குதாரரும் முறி வாங்கியவர்களும்தான் இழந்தார்கள். லீமன் வைப்பு வாங்கும் வங்கி இல்லை, அதை அப்படிக் கையிலெடுக்க அந்த நேரத்துச் சட்டத்தில் வழியும் இல்லை. 2010 இல் வந்த டொட்-ஃபிராங்க் சட்டம் அந்த ஓட்டையை அடைக்கத்தான் முயன்றது. பெரிய நிறுவனங்கள் தாங்கள் செத்தால் எப்படிப் பிரித்து அடக்கம் செய்வது என்று உயிரோடு இருக்கும்போதே திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான் இருக்கும் நாட்டில் இன்னொரு பாடம். 2007 செப்டெம்பரில் நோர்தேர்ன் றொக் வங்கிக் கிளைகளுக்கு வெளியே வயோதிபர்கள் மடக்குக் கதிரையோடு வரிசையில் இருந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அவர்களைப் பைத்தியக்காரர் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்துக் காப்புறுதியில் முதல் 2,000 பவுணுக்குத்தான் முழுப் பாதுகாப்பு, அடுத்த 33,000 பவுணில் 90 சதவீதம். பத்தில் ஒரு பங்கு போகலாம் என்று தெரிந்தால் யார் வீட்டில் இருப்பார்கள்? அரசாங்கம் முழு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் வரிசை கலைந்தது. அடுத்த வருடம் அந்த வங்கியை அரசுடைமை ஆக்கினார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் பங்குதாரர் முதலில், பிறகு முறி வாங்கியவர், அதற்குப் பிறகு காப்புறுதி இல்லாத பெரிய வைப்பு, காப்புறுதி உள்ள வைப்பு கடைசி என்று நட்டத்தை ஏற்கும் வரிசையை ஐரோப்பாவில் 2014 இல் சட்டமாக எழுதினார்கள். எழுதினார்கள் என்றுதான் சொல்கிறேன். 2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸ் விழுந்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே என்றாலும், சுவிற்சர்லாந்துக்காரர் பங்குதாரருக்கு 3 பில்லியன் பிராங்க் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு மேலே நின்றிருக்க வேண்டிய ஒருவகை முறிகளில் 16 பில்லியனை ஒரே இரவில் பூச்சியமாக்கினார்கள். அதே மாதம் அமெரிக்காவில் சிலிக்கன் வலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டொலர் எடுக்கப்பட்டது, கைபேசியிலேயே. காப்புறுதி எல்லை இரண்டரை இலட்சம் டொலர், அங்கே வைப்பின் பெரும்பகுதி அதற்கு மேலே. சட்டப்படி அவர்கள் காத்திருக்க வேண்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லோருக்கும் முழுக் காசும் தருகிறோம் என்று அறிவித்தார்கள். பணக்காரத் தொழில்முனைவோர் ட்விட்டரில் கத்தினால் எல்லை ஓடிவிடுகிறது, சைப்ரசில் கத்தியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.


மானிப்பாய்_கடைக்காரன் பதில்:

அப்படியானால் நீங்களும் நான் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள் லண்டன் தம்பி, வரிசை எழுதுவது ஒன்று, யார் ஆள் என்று பார்த்து மாற்றுவது இன்னொன்று.


ஹரோ_தமிழன் பதில்:

பாதி அப்படித்தான் அண்ணை. ஆனால் எழுதிய வரிசை இருந்தால் மாற்றியவனை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம், கிரெடிட் சுவிஸ் முறி வாங்கியவர்கள் இழுத்தார்கள். எழுதாத இடத்தில் யாரை எங்கே இழுப்பது?


பருத்தித்துறை_ராணி பதில்:

உலகக் கதையெல்லாம் நல்லது, ஆனால் நம் பக்கத்தில் ஆட்கள் காசைத் தொலைத்தது பெரிய வங்கிகளில் இல்லை. அதை ஒருவரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து ஏ9 திறந்த பிறகு எத்தனை நிதிக் கம்பனி வந்து யாழ்ப்பாணத்தில் கடை விரித்தது என்று எல்லோருக்கும் தெரியும். என் மாமி (அம்மாவின் தம்பி மனைவி) ஒன்றில் போட்டார், பெயர் சொல்லவில்லை. முகவர் பெடியன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வருவான், நாட்காட்டி கொண்டுவருவான், அம்மா அம்மா என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான். வங்கியைவிட மூன்று நாலு சதவீதம் கூட வட்டி. அந்தக் கூட வட்டி எதற்காகத் தருகிறார்கள் என்று மாமி கேட்கவில்லை, பெடியனுக்கும் தெரிந்திருக்காது. ஒருநாள் கிளைக் கதவில் மூன்று மொழியிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

பிறகு நடந்ததுதான் கதை. காப்புறுதிக் காசு வரும் என்றார்கள், வந்ததும் உண்மை, ஆனால் எல்லைக்குள் இருந்த பகுதி மட்டும். படிவம் நிரப்ப அடையாள அட்டை, வைப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, வேறு வங்கியில் தன் பெயரில் கணக்கு. மாமியின் சான்றிதழில் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு விதம், ஒரு ‘எச்’ கூட. அந்த ஒரு எழுத்துக்காகச் சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவையாளரிடம் கடிதம் எடுத்து, திரும்ப அனுப்பி, பிறகும் காத்திருந்து. எல்லைக்கு மேலே இருந்த காசு கலைப்பாளர் சொத்துகளை விற்று முடித்தால் ஏதாவது வரலாம் என்கிறார்கள். கம்பனியின் சொத்து என்பது பெரும்பாலும் கட்டாத லீசிங் வாகனங்களும் வழக்கில் கிடக்கும் காணிகளும். அதில் என்ன வரும்?

மற்றது சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்கள், கிராமிய வங்கி என்று பலகை போட்ட கூட்டுறவு இடங்கள். பெயரில் வங்கி இருக்கிறது, ஆனால் அவை கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழே வருகிறவை. மத்திய வங்கி உரிமம் இல்லை, அந்த 11 இலட்சக் காப்புறுதியும் இல்லை. பல சங்கங்கள் நேர்மையாக நடக்கின்றன, நானும் ஒன்றில் உறுப்பினர்தான், எங்கள் சங்கத்தில் யார் யாருக்குக் கடன் கொடுத்தது என்று கூட்டத்தில் வாசிப்பார்கள். ஆனால் சங்கத்தில் போடும் காசையும் வங்கியில் போடும் காசையும் ஒரே பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. சீட்டுப் பிடிக்கிறவர்களையும், கைபேசியில் டொலர் போட்டால் மாதம் இவ்வளவு என்று வந்த பிரமிட் கூட்டங்களையும் பற்றி நான் சொல்லவே தேவையில்லை. பிரமிட் முறை வங்கிச் சட்டத்திலேயே தடை, இருந்தும் நம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் அதில் போனார்கள்.


கோண்டாவில்_வாசி பதில்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைக்கார அண்ணை சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார், சைப்ரஸ் பகுதியைக் கேட்டதும் அத்தானுக்குப் போன் எடுத்துவிட்டார். அது இனி அவர்கள் பாடு.

காசாளர் ஐயா, இன்னும் ஒன்று. அப்பா காசைப் பிரிக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் அதே வங்கியின் சுன்னாகம் கிளையில் பாதி, யாழ்ப்பாணக் கிளையில் பாதி என்று சொல்கிறார், மனேஜரைத் தெரியுமாம். அது போதுமா? மற்றது, எல்லாவற்றையும் தேசிய சேமிப்பு வங்கியில் போட்டால் என்ன?


பழைய_காசாளர் பதில்:

கிளை மாற்றினால் ஒரு பிரயோசனமும் இல்லை தம்பி. எல்லை என்பது ஒரு ஆளுக்கு, ஒரு நிறுவனத்துக்கு. ஒரே வங்கியில் பத்துக் கிளையில் பத்துக் கணக்கு வைத்திருந்தாலும் கூட்டி ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். சேமிப்புக் கணக்கில் கிடப்பதும் அந்தக் கூட்டுத்தொகைக்குள் வரும். வேறு வேறு வங்கியாக இருக்க வேண்டும். மனேஜரைத் தெரிவது வட்டியில் கால் சதவீதம் கூட வாங்க உதவும், வேறொன்றுக்கும் உதவாது.

தேசிய சேமிப்பு வங்கி தனி. 1971 ஆம் ஆண்டின் அதன் சட்டப்படி வைப்பு முழுவதுக்கும் அரசாங்க உத்தரவாதம் உண்டு, 11 இலட்சம் என்ற எல்லை அங்கே பொருந்தாது. ஆனால் அந்த உத்தரவாதத்தைக் கொடுப்பது 2022 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற அதே அரசாங்கம். ரூபாயில் கட்டுவதற்கு அதற்கு வழி இருக்கும், அந்த ரூபாய்க்கு என்ன பெறுமதி என்பதுதான் பிரச்சினை. 2022 இல் வைப்பு வைத்திருந்த ஒருவருக்கும் வங்கி காசைக் கொடுக்காமல் விடவில்லை, ஆனால் அந்தக் காசுக்கு அரிசியும் பெற்றோலும் எவ்வளவு வந்தது? வைப்பாளர்கள் அந்த வருடம் இழந்தது அந்த வழியில்தான், எந்தக் காப்புறுதியும் அதைத் தராது. அதனால் அப்பாவுக்கு மாதச் செலவுக்கு வட்டி தேவையான அளவை ஒரு இடத்திலும் மிச்சத்தை இன்னும் ஓரிரு பெரிய வங்கிகளிலும் போடச் சொல்லுங்கள். முதிர்வுத் திகதிகளும் ஒரே மாதத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போடும் முன் அந்தந்த வங்கியின் காலாண்டு அறிக்கையை எடுங்கள், கிளையில் ஒட்டியிருக்கும், பத்திரிகையிலும் வரும். இலாபம் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம், அதை எல்லோரும் பெரிதாகப் போடுவார்கள். மொத்த மூலதன விகிதம் (நான் சொன்ன அந்த 10 ரூபாய் போன்றது) என்ற வரியையும், மூன்றாம் கட்டக் கடன் (ஒழுங்காகத் திரும்பி வராத கடன்) என்ற வரியையும் பாருங்கள். முதலாவது கூடவாகவும் இரண்டாவது குறைவாகவும் இருக்க வேண்டும். போன வருடத்துக் கட்டமும் பக்கத்திலேயே இருக்கும், எந்தப் பக்கம் நகருகிறது என்று அதில் தெரியும். பருத்தித்துறைப் பிள்ளை சொன்னதையும் செய்யுங்கள், எல்லாச் சான்றிதழிலும் அப்பாவின் பெயர் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு வரமுன் பாருங்கள்.